ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் போச்சு: போர்ட்டிகோவுக்கு சோலர் கூரை போடுற ஆக்கள் வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரம்தான் போர்ட்டிகோ சீலிங்கைக் கழட்டிப் பார்த்தனாங்கள். இன்னும் ஆத்திரம் அடங்கேல்லை. எழுத்துப் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட வீடு யாழ்ப்பாணம் கோண்டாவிலில, வடக்குப் பார்த்த வீடு. போன சித்திரையில முன் போர்ட்டிகோவுக்குத் தகரம், ஓடு ஒண்டும் வேண்டாம் எண்டு கண்ணாடி சோலர் பனலையே கூரையாப் போட்டனாங்கள். 12 பனல். டவுனுக்குள்ள சோலர் பூட்டிக் குடுக்கிற ஒரு கடைதான் செய்தது. பேர் எழுதேல்லை, இன்பொக்ஸில வந்து கேக்கவும் வேண்டாம்.

போர்ட்டிகோவுக்குத் தெற்காலை, மொட்டை மாடியில தண்ணித் தாங்கி நிக்குது. "தம்பி, உது நிழல் விழுத்தாதோ?" எண்டு முதல் கேட்டதே நான்தான். வந்தவர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என்னை மாடிக்கு ஏத்தி, "எங்கை அண்ணை நிழல்?" எண்டார். உண்மைதான், நிழல் தாங்கியின்ர காலடியிலதான் சுருண்டு கிடந்தது. வருசப்பிறப்பை ஒட்டின நாளில யாழ்ப்பாணத்துக்குச் சூரியன் நேர் உச்சியில நிக்கும் எண்டது எனக்கு அப்ப உறைக்கேல்லை. மார்கழியில அது மத்தியானத்திலேயே 33 பாகை தெற்கே சாயும். 10 அடி உயரத்துக்கு ஆறரை அடி நிழல் வடக்கே நீளும்.

மனசு கேக்காமல் திருப்பியும் கேட்டன். அப்பத்தான் ஒப்டிமைசர் கதை வந்தது, ஒவ்வொரு பனலையும் தனித்தனியா வேலை செய்ய வைக்கிற சின்னப் பெட்டி. 12 பனலும் ஒரே வரிசையாத் தொடுத்திருக்கிறதால ஒண்டில நிழல் விழுந்தால் மற்றதுகளையும் இழுத்து விழுத்துமாம். பனலுக்கு ஒண்டாப் பூட்டினால் ஒரு யூனிட்டும் குறையாதாம். ஒண்டு 20,000, பன்னிரண்டுக்கும் ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம். "தாங்கியை இடம் மாத்திறது வீண் செலவு. உங்களை என்ர அம்மா மாதிரி நினைச்சுச் சொல்லுறன்" எண்டு என்ர அம்மாவிட்டைச் சொன்னார், அவ குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு. அம்மா தலையாட்டினா. நானும் காசை எண்ணிக் குடுத்தன்.

ஆவணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில விழத் தொடங்கினது. "மழைக்காலம்தானே அண்ணை." சரி. மார்கழியில வெயில் எறிச்ச நாளிலயும் பாதிதான் வந்தது. "தூசி அண்ணை, கழுவிவிடுங்கோ." கழுவினம். "இஞ்சினியர் கொழும்புக்குப் போட்டார்." பிறகு போனே எடுக்கிறேல்லை. நேர கடைக்குப் போனால், கவுண்டரில இருந்த பிள்ளை "எழுதித் தாங்கோ" எண்டு ஒரு துண்டுப் பேப்பரை நீட்டினா.

அக்காவின்ர மகன் கம்பஸில மின்னியல் படிக்கிறான். அவன்தான் "சீலிங்கைக் கழட்டுவம் மாமா" எண்டவன். கழட்டினால், மூண்டே மூண்டு ஒப்டிமைசர்! அதுவும் நிழலே விழாத கிழக்குக் கரையில. மற்ற ஒன்பதிலயும் வெறும் வயர். பில்லைப் பார்த்தன், "நிழல் தீர்வு உபகரணம் – 2,40,000" எண்டு மட்டும் கிடக்குது. எத்தினை எண்டு இல்லை.

அவன் இன்னொண்டும் சொன்னான். பன்னிரண்டையும் பூட்டியிருந்தாலும் நிழல் விழுற பனலுக்கு வராத வெயிலை அது கொண்டுவராதாம். மற்ற பனலுகளைக் காப்பாத்தும், அவ்வளவுதான். பனலுக்குள்ளயும் மூண்டு பைபாஸ் டயோட் இருக்குதாம், நீளவாக்கில பிரிஞ்ச மூண்டு பங்கில நிழல் விழுந்ததை மட்டும் கழிச்சுவிட. ஆனால் இவங்கள் பனலை நட்டுக்குத்தாப் போட்டதில, நிழல் அடிக்கரையில குறுக்கால விழுந்து மூண்டு பங்கையும் ஒரேயடியாப் பிடிக்குது. படுக்கையாப் போட்டிருந்தால் ஒரு பங்கோட போயிருக்கும். ஒரு சதமும் கூடச் செலவில்லை!

போடப் போற ஆக்கள், நிழலை மார்கழி தையில பாருங்கோ. ஒப்டிமைசரின்ர எண்ணிக்கையும் சீரியல் நம்பரும் பில்லில இல்லாமல் காசு குடுக்காதேங்கோ. சீலிங் அடிக்க முதல் ஒவ்வொண்டையும் போட்டோ எடுங்கோ. இன்னும் விளக்கமா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது.

இண்டைக்குக் காலமை அந்தக் கடைக்காரர் ஒருமாதிரிப் போன் எடுத்தார். ரெண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைப் பற்றி ஒரு கதையும் இல்லை. "அண்ணை, அந்தத் தண்ணித் தாங்கியை ஒருக்கா மாத்திப் பாருங்கோவன்" எண்டார்.

குழாய்வேலை செய்யிற தம்பி 35,000 கேட்டிருக்கிறார். நாளைக்கு வாறார்.