ராத்திரி ஒன்பது மணிக்கு அளந்து பார்க்காமல் வயரில்லா பிராட்பேண்ட் வாங்காதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் தெருமுனையில் குடை விரித்து மேசை போட்டு, "5ஜி வீட்டு இன்டர்நெட், வயரே வேண்டாம்" என்று விற்கிறார்கள். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், அதுவரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

என் பிழைப்பு டிசைன். சிவகாசி அச்சகங்களுக்கு காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவது அங்கே வழக்கம். அன்றிலிருந்து தீபாவளி தாண்டும் வரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது. பகல் முழுக்க திருத்தம் நடக்கும், ராத்திரி ஃபைலை அனுப்புவோம், விடிவதற்குள் பிளேட் எடுத்து மெஷினில் ஏற்றிவிடுவார்கள். ஆக எனக்கு நெட் என்றால் ராத்திரி அப்லோடுதான். யூடியூப் சுற்றாமல் ஓடுகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

இதை மேசையில் இருந்த பையனிடம் முதலிலேயே சொன்னேன். "கவலையே வேண்டாம் அண்ணாச்சி" என்று மொட்டை மாடிக்கு ஏறி வந்தான். காலை பதினோரு மணி இருக்கும். வேகம் அளக்கும் ஆப்பைத் திறந்து, டவர் இருக்கும் திசையைப் பார்த்து போனை நீட்டினான், முள் சரசரவென்று ஏறியது. "240 வருது பாருங்க! உங்க தெருவுல இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது." அப்லோடு எவ்வளவு தம்பி என்றேன். "அது தன்னால வந்துரும் அண்ணாச்சி" என்றவன், முள் மறுபடி ஏறுவதற்குள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அப்படியென்றால் எழுதித் தா என்றேன். ஆர்டர் படிவத்தின் ஓரத்தில் நீல மையில் "டவுன்லோடு 100, அப்லோடு 50 கியாரண்டி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஆறு மாதத்துக்கு முன்பணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆறு மாதம் கட்டினால்தான் இன்ஸ்டலேஷன் இலவசமாம்.

டவர் சிக்னலை வாங்கும் பெட்டியை மாட்ட வந்தது வேறு ஆள். மொட்டை மாடியில் மாட்டச் சொன்னால் கேபிள் எட்டாது என்றான். முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில் ஆணி அடித்து மாட்டினான். அதற்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு மூன்று மாடிச் சுவர். "சிக்னல் வளைஞ்சு வந்துரும் சார்." போகிற போக்கில், ரூட்டர் ஆன் ஆக ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றான். அந்த ஓடிபி எதற்கு என்பது பிறகுதான் தெரிந்தது. வேலை முடிந்தது, வேகம் திருப்தி என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதாக அவர்கள் கணக்கில் அதை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். எதற்கான ஓடிபி என்று அந்த எஸ்எம்எஸ்ஸில் ஒரு வரி கூட இல்லை.

அன்று ராத்திரி டவுன்லோடு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு), அப்லோடு 0.8. ஒரு காலண்டர் ஃபைல் 350 எம்பி என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக 2,800 மெகாபிட். 50 எம்பிபிஎஸ்ஸில் ஒரு நிமிஷத்து வேலை. 0.8-இல் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. அவசர ஃபைலை பென் டிரைவில் போட்டு பைக்கில் சிவகாசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு மாத இன்டர்நெட்டுக்குக் காசு, அதன்மேல் பெட்ரோலுக்கும் காசு.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று நெட் படுத்தால் நானே குறை சொல்ல மாட்டேன். ஊரெல்லாம் ஜனம், ஆளுக்கொரு போன், டவர் என்ன செய்யும்? சாதாரணச் செவ்வாய்க்கிழமையும் அதே கதிதான் என்பதுதான் என் புகார்.

ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேசைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். 2022 அக்டோபர் 1-இல் நம் நாட்டில் தொடங்கிய 5ஜியில் வேகம் தரும் முக்கிய அலைவரிசை 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அது நிறையத் தாங்கும், ஆனால் தூரம் குறைவு, கான்கிரீட் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். மொட்டை மாடிக்கும் சன்ஷேடுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அதனால்தான். அடுத்து, அந்த அலைவரிசையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி ஒரே பாதையில் போகின்றன. நேரத்தில் பெரும்பங்கை டவுன்லோடுக்குக் கொடுத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த டவரின் திறனைத் தெருவில் இருக்கிற அத்தனை போனும் அத்தனை வீட்டுப் பெட்டியும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வீடு வரை கண்ணாடி இழை கேபிள் இழுத்துத் தரும் ஃபைபரிலும் பங்கு உண்டுதான், இவ்வளவு இறுக்கம் கிடையாது. ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை ஊரே படம் பார்க்கிறது. காலை பதினோரு மணிக்கு யார் பார்க்கிறார்கள்?

சரி, எப்படி ஒப்பிடுவது? நான் பட்ட பிறகு செய்ததை நீங்கள் வாங்கும் முன்பே செய்யுங்கள். மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர், வேலைக்கு வரும் தம்பி என்று வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருப்பவர்களை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே ஜன்னல் பக்கம் நிற்கவைத்து அளந்தேன். போட்டி நிறுவனத்தின் பழைய 4ஜி சிம் அப்லோடில் 9 கொடுத்தது. 5ஜி குறி பளிச்சென்று தெரிந்த இவர்களுடையது 1-ஐத் தொடவில்லை. குறியை நம்பவே நம்பாதீர்கள். சில நிறுவனங்களின் 5ஜி இன்னும் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. மேலே 5ஜி என்று காட்டும், அப்லோடு 4ஜி வழியாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரே ஆப்பையும் நம்ப வேண்டாம். வேகம் அளக்கும் ஆப்கள் பக்கத்தில் உள்ள சர்வரைப் பிடிக்கும், அது பல சமயம் அந்த நிறுவனமே வைத்திருக்கும் சர்வராக இருக்கும். வீட்டு வாசல் வரை எட்டிப் பார்த்துவிட்டு ஊர் சுற்றி வந்ததாகச் சொல்கிற கதை அது. தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான டிராயின் மைஸ்பீடு ஆப், ஃபாஸ்ட் டாட் காம் இரண்டிலும் பாருங்கள். பிறகு உண்மையான ஒரு பெரிய ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றிப் பாருங்கள். பெட்டி மாட்டியாயிற்று என்றால் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1) ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற, சிக்னல் பலத்தைக் காட்டும் எண்ணைத் தேடுங்கள். மைனஸ் 80 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். எனக்கு மைனஸ் 112, படுமோசம்.

சேவைத் தரம் குறித்த டிராயின் 2024 விதிமுறைகளின்படி நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும். அங்கே என் தெரு முழுக்க 5ஜி வண்ணம். சிக்னல் எட்டுகிறது என்றுதான் அதற்கு அர்த்தம், ராத்திரி எவ்வளவு வேகம் மிஞ்சும் என்பது அதில் இருக்காது. டிராய் ஊர் ஊராக வண்டியில் கருவி வைத்து அளக்கும் அறிக்கைகளைப் படிக்கலாம், ஆனால் அவை பெரும்பாலும் ரோட்டில் எடுத்த அளவு.

கஸ்டமர் கேரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. "டவர் அப்கிரேட் நடக்குது சார், 48 மணி நேரத்துல சரியாயிரும்." யாரும் வராமலே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் மட்டும் வரும். நீல மை வாக்குறுதியைப் படம் பிடித்து அனுப்பினால், கையால் எழுதியது செல்லாது என்கிறார்கள். உங்கள் ஆள், உங்கள் படிவம், செல்லாதாம்!

இதில் மாட்டியவர்கள் 198-க்கு அழைத்துப் புகார் எண்ணை எஸ்எம்எஸ்ஸாக வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் ஒரு அடி நகராது. தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். தொலைபேசி விவகாரம் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று யாராவது பயமுறுத்தினால், வரும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று சொல்லுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

நான் மேல்முறையீட்டைத் தாண்டி இப்போது மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். வேலைக்கு உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் இழுத்தாகிவிட்டது. பெட்டி சன்ஷேடில்தான் தொங்குகிறது, திருப்பிக் கொடுத்த ரசீது இல்லாமல் கழற்ற விட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பலருக்கும் ஒரே குறை என்றால், ஆணையத்தின் அனுமதியோடு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே மனு போட சட்டத்தில் வழி இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் இதே குடை மேசையில் பணம் கட்டியவர்கள் எனக்கு எழுதுங்கள். ஆர்டர் படிவம், பணம் கட்டிய எஸ்எம்எஸ், ஓடிபி வந்த எஸ்எம்எஸ் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.