உபுண்டு 20.04 முதல் 24.04 வரை: அதே டெஸ்க்டாப், அதே கிராபிக்ஸ் கார்டு

என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப் என்னுடையது. உபுண்டு என்ற லினக்ஸின் 20.04 பதிப்பில் ஆரம்பித்து, 22.04 வழியாக இப்போது 24.04-இல் ஓடுகிறது. நடுவில் எதையும் ஃபார்மட் செய்யவில்லை. கேடன்லைவில் வீடியோ எடிட்டிங், இங்க்ஸ்கேப்பில் அழைப்பிதழ், பேனர் என்று தினமும் சோறு போடும் மெஷின். "லினக்ஸை அப்கிரேட் பண்ணினா டிஸ்ப்ளே போயிடும்" என்று பலரும் பயமுறுத்துவார்கள். போகும்தான். ஆனால் நான் பார்த்தவரை, அப்கிரேடுக்கு முன்பே வெளியிலிருந்து வந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் சமாச்சாரங்கள்தான் அதற்குக் காரணம்.

என் கதையும் அதுதான். மெஷின் செகண்ட் ஹேண்ட். விற்ற கடைக்காரர் உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) தொடாமல், நேரடியாக ஓடும் இன்ஸ்டாலரான ஒரு ரன் ஃபைலை டவுன்லோட் செய்து போட்டுக் கொடுத்திருந்தார். நன்றாகவே ஓடியது. ஆனால் இப்படி ஒரு டிரைவர் இருப்பதே, மென்பொருள்களைப் போட்டுப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. டிரைவரின் ஒரு பகுதி, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஏறும் மாட்யூல். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, எந்தக் கெர்னலுக்குக் கட்டினார்களோ அதற்கு மட்டும்தான் பொருந்தும். 20.04 வெளிவந்தபோது கெர்னல் 5.4, 22.04-இல் 5.15. போதாக்குறைக்கு, ரன் ஃபைல் போடும்போது நூவோ என்கிற ஓப்பன் சோர்ஸ் டிரைவரையும் முடக்கியிருந்தார்கள். ஆக, 22.04-க்கு மாறி ரீஸ்டார்ட் ஆனதும் ஒன்றும் ஏறவில்லை, மாற்று ஆளும் இல்லை. கறுப்புத் திரை, இடது மூலையில் மின்னும் ஒரு கோடு.

இந்த இடத்தில்தான் பலர் பென்டிரைவைத் தேடி ஓடுகிறார்கள். அவசரமே இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு வெள்ளை லாகின் வரும். மெஷின் உயிரோடுதான் இருக்கிறது. அதுவும் வராவிட்டால், ஆன் ஆகும்போதே எஸ்கேப்பைத் தட்டி (பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு) பூட் மெனுவான கிரப்புக்குப் போய், 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து பூட் செய்ய வேண்டும். படம் மங்கலாக, பெரிது பெரிதாக வரும். வேலைக்கு அது போதும்.

நான் ரன் ஃபைலோடு வந்த அன்இன்ஸ்டாலரை ஓட்டி, அது எழுதிவைத்திருந்த எக்ஸார்க்கின் (திரையில் படம் காட்டும் அமைப்பு) பழைய கான்ஃபிக் ஃபைலையும் ஓரமாக நகர்த்தினேன். பிறகு 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. கார்டுக்கு எந்த வரிசை டிரைவர் பொருந்தும் என்று அதுவே பார்த்துப் போடும். இப்படிப் போட்டால், கெர்னல் மாறும்போதெல்லாம் பொருத்தமான மாட்யூலும் பேக்கேஜ் வழியாகவே வந்துசேரும்.

கையெழுத்து சரிபார்க்காமல் எதையும் ஏற்றவிடாத செக்யூர் பூட்டை ஆன் செய்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. உங்கள் கணினியிலேயே கட்டப்படும் மாட்யூல் என்றால், இன்ஸ்டால் நடக்கும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்டில் நீலத் திரை வந்து பத்து நொடி எண்ணும். அதற்குள் ஏதாவது கீ அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' (உங்கள் கையெழுத்துச் சாவியைப் பதிவு செய்வது) தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து டீ எடுக்கப் போனால் பூட் தொடர்ந்துவிடும், பதிவாகாத சாவியால் கையெழுத்திட்ட மாட்யூலைக் கெர்னல் சேர்க்காது. அப்படி ஆகிவிட்டதா என்று பார்க்க செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கம் (24.04-இல் அதற்குள் 'சிஸ்டம் டீடெயில்ஸ்') போதும். கிராபிக்ஸ் என்ற இடத்தில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் எல்எல்விஎம்பைப் என்றிருந்தால், படம் வரைவதெல்லாம் சிபியுதான்.

24.04-க்கு நான் அவசரப்படவில்லை. ஒரு எல்டிஎஸ்-இல் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) இருப்பவருக்கு அடுத்த எல்டிஎஸ் வழக்கமாக அதன் முதல் திருத்தமான .1 வந்த பிறகுதான் காட்டப்படும். 24.04.1 வந்தது 2024 ஆகஸ்ட் கடைசியில். அப்போதுகூட அப்கிரேட் கருவியில் ஒரு பிழை கண்டுபிடித்து, திறந்த வழியைக் கொஞ்ச நாள் மூடிவைத்துத்தான் மறுபடி திறந்தார்கள். பொறுத்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த முறை முன்கூட்டியே வீட்டைப் பெருக்கிவிட்டேன். பிபிஏ என்ற வெளியார் களஞ்சியங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். அப்கிரேட் கருவி அவற்றை முடக்கத்தான் செய்யும், ஆனால் அவற்றிலிருந்து வந்த பேக்கேஜ்கள் அப்படியே கிடந்து மல்லுக்கட்டும். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட், வேறு டிஸ்கில். அது சாதாரணமாக ஹோம் ஃபோல்டரைத் தொடாது என்பதால் அதைத் தனியாக காப்பி. யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். பாதியில் கரண்ட் போனால் எந்த டிரைவர் ஞானமும் உதவாது.

டிஸ்ப்ளே முதல் பூட்டிலேயே வந்தது. என்விடியா கார்டுகளுக்கு 24.04 இன்னும் எக்ஸார்க்கைத்தான் முதலில் கொடுக்கிறது, அதற்குப் பதிலாக வந்த புதிய வேலண்ட் வேண்டுமென்றால் லாகின் திரையின் பல்சக்கரத்தில் மாற்றலாம். நான் மாற்றவில்லை. தமிழ்99 விசைப்பலகை அப்படியே இருந்தது. உடைந்தது பைத்தான் பக்கம்: 3.10 போய் 3.12 வந்ததில் பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (பைத்தான் திட்டங்களுக்கான தனித்தனி அறைகள்) எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கடுப்பான வேலை, ஆனால் ஆபத்தில்லை.

இதைவிடப் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் அப்கிரேடுக்கு முன் டிரைவர் வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்விடியாவின் ஃபெர்மி தலைமுறைக்கு 390-ஓடும், கெப்ளருக்கு 470-ஓடும் கதை முடிந்துவிட்டது. அவர்களுக்கு இனி புதிய வரிசை வராது, ஒருநாள் நூவோதான் கதி. பாஸ்கல் தலைமுறையைச் சேர்ந்த என் கார்டுக்குக் கடைசி வரிசை 580. 24.04-க்கு 2029 வரை ஆதரவு இருப்பதால், இந்தக் கார்டு இருக்கும்வரை இங்கேயே இருப்பதாகத் திட்டம்.