100 மி.கி. இரும்புச்சத்து மாத்திரை: நான்கு மாதம் விழுங்கிப் பார்த்ததில்

சென்ற ஆனி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் 9.1 என்றும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்றும் வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை என்பதாலும், இரண்டு வருடமாக மாதவிடாய்ப் போக்கு மிக அதிகமாக இருந்ததாலும், மருத்துவர் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரைக்கு 100 மில்லிகிராம் இரும்பு, 1.5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம். இதே சேர்க்கையைப் பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. நான் வாங்கியது எது என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. இந்த மாத்திரைக்கு இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் பொருளைப் பற்றி. மாத்திரை சற்றுப் பெரியது. மேற்பூச்சு வழுவழுப்பாக இருப்பதால் தொண்டையில் சிக்குவதில்லை. விழுங்கி அரை மணி நேரத்தில் வரும் ஏப்பத்தில் பழைய சாவிக்கொத்தை வாயில் வைத்த வாடை அடிக்கும். மலம் கறுத்துப்போகும் என்ற எச்சரிக்கை அட்டையில் எங்கும் இல்லை. மூன்றாம் நாள் நான் பயந்தது மிச்சம். உறிஞ்சப்படாத இரும்பு குடல் வழியே வெளியேறுவதுதான் அந்தக் கறுப்பு என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலச்சிக்கலும் உண்டு. காலாவதித் தேதி அட்டையின் ஒரு மூலையில் மட்டும் அச்சாகியிருக்கிறது. அந்த மூலை மாத்திரையைக் கிழித்து எடுத்தால் தேதியும் போய்விடும்.

முதல் மாதம் முழுவதும் காலை டிபனுக்குப் பிறகு தவறாமல் விழுங்கினேன். விழுங்கிய கையோடு ஃபில்டர் காபி. மாதக் கடைசியில் ஹீமோகுளோபின் 9.3. முப்பது மாத்திரைக்கு 0.2 என்றால் மாத்திரையைத்தான் குறை சொல்லத் தோன்றும். நானும் ஒற்றை நட்சத்திரம் போடும் மனநிலையில்தான் இருந்தேன். மருந்துக்கடைப் பையன், "அக்கா, அப்போ ரெண்டு வேளையாப் போடுங்க, சீக்கிரம் ஏறும்" என்று யோசனை வேறு சொன்னான். நல்லவேளையாக மருத்துவரிடம் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "காபி எப்போ குடிக்கிறீங்க?" என்பது.

காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடல் உறிஞ்சாதபடி செய்துவிடுகின்றன. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதமும், தேநீர் குடித்தபோது 64 சதவீதமும் குறைந்தது. அதே ஆய்வில் இன்னொரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் பாதிப்பே இல்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ, கூடவே குடித்த அளவுக்குப் பாதிப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும் என்று நம் வீடுகளில் சொல்லும் சமாதானம் இங்கே எடுபடாது. (அவர்கள் சோதித்தது ஹாம்பர்கர் சாப்பாட்டில். அரிசி, பருப்பில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும் தன் பங்குக்கு இரும்பைப் பிடித்து வைப்பதால் இட்லி, சாம்பாரின் நிலை இதைவிடச் சுலபமாக இருக்காது.) அமெரிக்காவில் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு போதும் என்கிறார்கள், நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் 29 என்று வைத்ததற்குக் காரணம், நம் உணவிலிருந்து உடம்பில் சேரும் பங்கு குறைவு என்ற கணக்குதான்.

இரண்டு வேளை போடும் யோசனையை மருத்துவர் ஏற்கவில்லை. மாறாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரே மாத்திரை என்று குறைத்தார். குறைத்தால் எப்படிக் கூடும் என்று எனக்கு விளங்கவில்லை. மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழி கிடையாது என்பதால், உள்ளே விடும் வாசலிலேயே காவல் வைத்திருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன்தான் அந்தக் காவல்காரர். ஒரு பெரிய மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் வரை வாசலை ஒருக்களித்து வைத்துவிடும். மறுநாள் விழுங்கும் மாத்திரை அந்தப் பாதி மூடிய கதவில் மோதும். சூரிக் நகரில் இரும்புச் சேமிப்புக் குறைந்த பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், தினமும் 60 மில்லிகிராம் எடுத்தவர்கள் அதில் 16.3 சதவீதத்தையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தவர்கள் 21.8 சதவீதத்தையும் உறிஞ்சினார்கள். மாத்திரை எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான், நாள்கள்தான் இரட்டிப்பு.

இரண்டாம் மாதம் முதல் காலையில் பல் தேய்த்ததும் வெறும் வயிற்றில், அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு விழுங்கினேன். அந்த நாள்களில் காபி பதினொரு மணிக்கு. வெறும் வயிற்றில் குமட்டல் கூடுதல் என்பதை மறைக்க முடியாது. ஆனால் மூன்றாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 11.2. மலச்சிக்கலும் பாதியாகக் குறைந்தது.

இதே அட்டையிலிருந்து என் அப்பாவும் எனக்குத் தெரியாமல் பத்து மாத்திரை எடுத்து விழுங்கியிருக்கிறார். கேட்டதற்கு, "எனக்கும் ரத்தம் கம்மிதானேம்மா?" என்றார். கம்மிதான், 10.4. ஆனால் முடக்குவாதத்தால் மூட்டுகள் வீங்கிக் கிடக்கும் அவருக்கு ஃபெரிட்டின் 290, அதாவது சேமிப்பில் இரும்புக்குக் குறைவில்லை. உடம்பில் அழற்சி இருக்கும்போது ஹெப்சிடின் ஏறியே நிற்கும். குடல் வாசலும் அடைபடும், கிடங்கில் உள்ள இரும்பும் வெளியே வராது. அவருக்கு மாத்திரையால் கிடைத்தது நான்கு நாள் மலச்சிக்கல் மட்டுமே. வயதான ஆணுக்கு உண்மையிலேயே இரும்பு குறைந்திருந்தால், எங்கே ரத்தம் கசிகிறது என்று முதலில் தேட வேண்டும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

தங்கையின் கதை நேரெதிர். ஏழாம் மாதக் கர்ப்பிணியான அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையைத்தான் எடுக்கிறாள். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், காசு இல்லை. என் மாத்திரையைவிட அளவு குறைவே என்று நான் கவலைப்பட்டது வீண். கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும் என்பதால், உடம்பு தானே ஹெப்சிடினை இறக்கிக் கதவைத் திறந்துவிடுகிறது. 1994-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அதே உணவிலிருந்து பெண்கள் 12-ஆம் வாரத்தில் 7 சதவீத இரும்பையும், 24-இல் 36 சதவீதத்தையும், 36-ஆம் வாரத்தில் 66 சதவீதத்தையும் உறிஞ்சினார்கள். தங்கைக்கு ஹீமோகுளோபின் 11.6-இல் நிற்கிறது.

வாங்கலாமா என்று கேட்பவர்கள் ஃபெரிட்டின் பார்த்துவிட்டு வாங்குங்கள். தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும்.

நான்காம் மாத முடிவில் எனக்கு ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 22. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். காபி டவராவுக்குப் பக்கத்தில் கிடந்த அட்டை இப்போது பல் துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில், அப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.