குக்கி கிளிக்கர்: சேர்த்து வைப்பதா, உடனே செலவழிப்பதா?

குக்கி கிளிக்கர், கிளிக் செய்து குக்கி சுட்டுச் சேர்க்கும் கணினி விளையாட்டு; அந்தக் குக்கிகளால் வாங்கும் கட்டடங்கள் தாமாகவே குக்கி சுடும். கையில் இருக்கும் குக்கியை எல்லாம் உடனுக்குடன் கட்டடமாக மாற்றினால் உற்பத்தி ஏறும். ஆனால் அதே கட்டடத்தின் விலை வாங்க வாங்க 15% கூடிக்கொண்டே போகும். ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு இதுவே போதும்.

அவ்வப்போது திரையில் தோன்றி, கிளிக் செய்தால் பலன் தரும் தங்கக் குக்கியைத் துரத்துகிறவர் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். அதன் பலன்களில் ஒன்றான 'லக்கி' விழுந்தால் கிடைப்பது கையிருப்பில் 15% அல்லது 15 நிமிட உற்பத்தி, எது குறைவோ அது (கூடவே 13 குக்கி, சும்மா ஒரு குறும்பு). 15 நிமிடம், அதாவது 900 வினாடி, 6,000 வினாடியில் 15%. ஆகவே கையிருப்பு 6,000 வினாடி உற்பத்திக்குக் கீழே இறங்கினால் பரிசு சுருங்கும். உற்பத்தியைச் சிறிது நேரம் 7 மடங்காக்கும் 'ஃப்ரென்ஸி' ஓடும்போது லக்கியின் முழுப் பலனும் வேண்டுமா? சாதாரண உற்பத்தியில் 42,000 வினாடி அளவு இருக்க வேண்டும். தொடக்கத்தில் அவ்வளவு பூட்டி வைப்பது வீண்.

அசெண்ட் (ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்குவது) செய்யுமுன் தயங்காமல் செலவழியுங்கள்: அப்போது கிடைக்கும் நிரந்தர ஊக்கமான பிரெஸ்டீஜின் கணக்கு இதுவரை சுட்ட மொத்தத்தைப் பார்க்கும், கையிருப்பை அல்ல.