பிக்கப் ஏர்கோனில் காற்று குறைந்தால்: இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

ஏர்கோன் கடையில் போய் "காற்று கம்மியா வருது" என்று சொன்னால், பல இடங்களில் முதல் வேலையாக மீட்டரை மாட்டி, குளிரூட்டும் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். கேஸ் குறைந்தால் குளிர் குறையும். காற்றைத் தள்ளுவது கேஸ் இல்லை, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் புளோவர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நூறு, நூற்றைம்பது வெள்ளி சும்மா போகும்.

என்னுடையது நாலு கதவு டீசல் பிக்கப். வீடு புதுப்பிக்கும் வேலை, அதிகமும் கோலாலம்பூர் வட்டாரத்தில் கெப்போங், செலாயாங், பத்துமலைப் பக்கம். பின்னால் சிமெண்டு மூட்டை, மணல், டைல்ஸ். வண்டி ஏழு வருஷத்தைத் தாண்டிய பிறகுதான் இந்தத் தொல்லை வந்தது. புளோவரைக் கடைசி வேகமான நம்பர் 4-இல் வைத்தால் இரைச்சல் மட்டும் பலமாக வரும், முகத்தில் காற்றே படாது. மத்தியானம் எம்.ஆர்.ஆர்.2 நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் சட்டை நனைந்துவிடும்.

இதில் சத்தத்தைக் கவனிப்பது முக்கியம். புளோவர் இரைச்சல் நன்றாக இருந்தும் காற்று இல்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு. இரைச்சலே குறைவாக இருந்தால் மோட்டார், வயர் பக்கம் பார்க்க வேண்டும். கடைசி நம்பரில் மட்டும் ஓடி மற்ற நம்பர்களில் ஓடாவிட்டால் பெரும்பாலும் ரெசிஸ்டர், அதாவது புளோவர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் பாகம். காற்று காலுக்கோ கண்ணாடிக்கோ போய் முகத்துக்கு வராவிட்டால் உள்ளே திருப்பிவிடும் பலகை சிக்கியிருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: உள்காற்று பொத்தானை அழுத்தியதும் காற்று கூடினால், வெளிக்காற்று வரும் வழியில் அடைப்பு. வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடையைப் பாருங்கள். அங்சானா மரத்தடியில் வண்டியைப் போடுகிறவர்களுக்கு அந்த மஞ்சள் பூ எவ்வளவு உள்ளே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இரைச்சல் இருந்தது, காற்று இல்லை. அதனால் முதலில் ஃபில்டர். கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கினால் மூடி தெரியும். இழுத்து, தரையில் ஒரு தட்டு தட்டினால் மைதா மாதிரி சிமெண்டுத் தூள் கொட்டியது. புது ஃபில்டர் முப்பது வெள்ளிக்குள்தான், அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. சில பழைய பிக்கப்களில் ஃபில்டர் போடும் இடம் மூடியே வரும். அப்படிப்பட்ட வண்டியில் இத்தனை வருஷத் தூசியும் நேராகக் காற்றைக் குளிராக்கும் காயிலில் போய் உட்கார்ந்திருக்கும்.

புது ஃபில்டரில் கொஞ்சம் தேவலாம், முழுசாக இல்லை. அப்புறம் ஈப்போவுக்குப் போனபோது தஞ்சோங் மாலிம் தாண்டியதும் காற்று மெல்ல மெல்லச் செத்தது. ஏ.சி. பொத்தானை மட்டும் அணைத்து, காற்றை ஓடவிட்டேன். கால் மணி நேரத்துக்குள் காற்று திரும்பி வந்தது, கூடவே ஈர வாடை. காயில் உறைந்துபோகும் வண்டி இப்படித்தான் நடந்துகொள்ளும். அடைப்பால் காற்று குறைகிறது, காற்று குறைந்ததால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்கிறது, அதன் மேல் படியும் ஈரம் ஐஸாகி மிச்ச வழியையும் மூடுகிறது. காயில் பூஜ்ய டிகிரியைத் தொடுவதற்கு முன் கம்ப்ரசரை நிறுத்த வேண்டியது அதில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி. அது கெட்டாலும், கேஸ் குறைந்தாலும்கூட இப்படி உறையலாம். எனவே இந்தக் கட்டத்தில் கேஸ் பார்ப்பது நியாயம்தான்.

செந்தூலில் ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்) மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் சரியா இருக்கு அண்ணே, காயிலை இறக்கித்தான் கழுவணும்" என்றார். நுரை ஸ்பிரே அடித்தால் போதாதா என்று கேட்டேன். வாடைக்கு அது ஆகும், சிமெண்டுக்கு ஆகாது என்றார். காயில் வெளியே வந்ததும் ஏன் என்று புரிந்தது. காற்று நுழையும் பக்கத்தில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் இறுகிப்போய், தகட்டு இடுக்கே தெரியவில்லை. நடுநடுவே கறுப்புத் துணுக்குகள். பலகைகளில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் வெயிலில் பொடிந்து விழுந்ததாம்.

காயிலை இறக்கினால் கேஸை எடுத்துத்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஓ-ரிங்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிதா, வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை இழுத்தார்களா, கேஸை போனட் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிரப்பினார்களா என்று நின்று பாருங்கள். தெர்மிஸ்டரைப் பழைய இடத்திலேயே செருகச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்நூறு வெள்ளிக்குப் பக்கத்தில் ஆனது. என் கணக்கில் அந்தப் பணத்துக்குப் பழுதில்லை. அன்றிலிருந்து நம்பர் 2-க்கு மேல் வைக்கும் தேவை அபூர்வம், நெடுந்தூரத்திலும் உறையவில்லை.

ஆனால் சில மாதம் கழித்து 1, 2, 3 எல்லாம் போய் நம்பர் 4 மட்டும் மிஞ்சியது. ரெசிஸ்டர் சூடாகும் பொருள், புளோவர் காற்றுதான் அதை ஆற்றுகிறது. பல மாதம் அடைப்பில் ஓடியதில் அது வெந்து, சாக்கெட்டும் பழுப்பாகிவிட்டது. புது ரெசிஸ்டரைப் பழைய சாக்கெட்டில் செருகாதீர்கள், அதையும் மாற்றுங்கள். மோட்டார் இறுகினாலும் கூடுதல் கரண்ட் இழுத்து இதே இடத்தைத்தான் சுடும். அதனால் மோட்டாரையும் மாற்றினேன், பழைய வண்டிகளை வெட்டி உதிரி விற்கும் போத்தோங் கடையில் எடுத்த ஒரிஜினல்.

ஃபில்டரில் கரி போட்டதையும் சாதாவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். லோரிப் புகை வாடைக்குக் கரி நல்லது, ஆனால் அதில் காற்று கொஞ்சம் இறங்கும், விலையும் கூட. என்னைப் போல் தூசியில் பிழைப்பவர்களுக்குச் சாதாவே போதும், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் புதிது போட்டுவிடலாம். ஊதிச் சுத்தம் செய்து திரும்பப் போட்டால் காகிதம் கிழிந்து தூள் காயிலுக்குப் போகும்.

பின் இருக்கை இன்னும் புழுக்கம்தான். அங்கே காற்று வாயே இல்லாத வண்டியில் புளோவர் என்ன செய்யும்? முன்னால் நடு வாயை மேலே தூக்கி வைத்தால் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. அந்தப் போத்தோங் மோட்டார் இப்போது காலையில் முதல் சில நிமிடம் கீச்சிடுகிறது. மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்மானமாம். அடுத்த முறை புதிதாகவே வாங்கிப் போடுவதாக இருக்கிறேன்.