நீச்சல் குளத்து நீரைச் சோதிக்கும் முறைகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளப் பராமரிப்பைச் சங்கத்தின் சார்பில் கவனித்து வருவதால், சந்தையில் கிடைக்கும் சோதனை முறைகளில் பெரும்பாலானவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

மிக மலிவானது, நீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடோலிடின் சொட்டு. இது காட்டுவது மொத்தக் குளோரின். கோடை விடுமுறையில் குழந்தைகள் நாள் முழுவதும் குளித்த பிறகு, வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து குளோரமினாக மாறிவிட்ட குளோரினும் அதே மஞ்சளில் சேர்ந்துவிடுகிறது. கிருமியைக் கொல்லும் கட்டற்ற குளோரின் எவ்வளவு என்பது அதில் தெரியாததால், இதை நான் கைவிட்டுவிட்டேன்.

சோதனைப் பட்டைகள் விரைவானவை. காலையில் குளத்தைத் திறக்கும் ஊழியருக்கு அவையே போதும். ஆனால் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் பட்டைகள் விரைவில் கெட்டுவிடும். மேலும், 1 பிபிஎம்முக்கும் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 3 பிபிஎம்முக்கும் இடைப்பட்ட நிறத்தை இருவர் பார்த்தால் இரண்டு விடை வரும்.

டிபிடி என்ற நிறங்காட்டி மாத்திரை கட்டற்ற குளோரினைத் தனியே இளஞ்சிவப்பாகக் காட்டும். அதில் ஒளிந்திருக்கும் ஆபத்து என்னவென்றால், குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டும்போது அந்த நிறமே வெளுத்துப்போகக்கூடும். குளோரின் அறவே இல்லை என்று எண்ணி ஊழியர் இன்னும் கொட்டுவார். அதே அளவில், பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) பார்க்க உதவும் பீனால் ரெட் சாயமும் ஊதாவாக மாறி, பிஎச் ஏறிவிட்டதாகப் பொய் சொல்லும். நிறத்தை ஒளியால் அளக்கும் டிஜிட்டல் போட்டோமீட்டரும் உள்ளே இதே டிபிடியைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், தசமப் புள்ளியோடு வரும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. குப்பியில் ஒரு கைரேகை பட்டிருந்தாலே அந்த எண் மாறிவிடும்.

என் தேர்வு, சொட்டு எண்ணும் டைட்ரேஷன் முறை. 10 மில்லி நீரில் டிபிடி பொடியைக் கலந்து, இளஞ்சிவப்பு நிறம் முற்றிலும் மறையும் வரை நிறம் நீக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் 0.5 பிபிஎம் குளோரின். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையே இல்லை. நிறம் இருக்கிறதா, போய்விட்டதா என்பது மட்டுமே கேள்வி. குளோரின் மிகுந்திருந்தாலும் பொடியைக் கூட்டிப் போட்டு அளந்துவிடலாம். அடுத்த கரைசலைச் சேர்த்தால் குளோரமினின் அளவும் தனியே கிடைக்கும்.

எனினும் எங்கள் குளத்தில் அதிகம் பயன்பட்டது, வெயிலில் குளோரின் விரைவில் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவைப் பார்க்கும் சோதனைதான். குளத்தில் போடும் டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் சேர்க்கும்போது ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகிறது. குளோரின் வெயிலில் தீர்ந்துபோகும், அமிலமோ அப்படியே தங்கிவிடும். அது ஏற ஏற, குளோரினின் வீரியம் குறைந்து, 2 பிபிஎம் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கத் தொடங்கும். ஒப்பந்ததாரர்கள் பலர் இதைச் சோதிப்பதே இல்லை என்பது வியப்பளிக்கிறது. நீரைக் கலங்கவைத்து, குழாயின் அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் உயரத்தைப் பார்க்கும் சோதனை இது. நல்ல பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். அளவு 100 பிபிஎம்மைத் தாண்டினால், பாதிக்குப் பாதி குழாய்நீர் கலந்து சோதித்து, விடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

இப்போது அன்றாடம் பட்டை, வாரந்தோறும் டைட்ரேஷன், மாதந்தோறும் சயனூரிக் அமிலம் என்ற வரிசையில் சோதித்து வருகிறோம். அந்த அமிலம் ஏறியிருந்தால், குளத்தில் ஒரு பகுதி நீரை இறைத்துப் புதுநீர் விடுகிறோம். அதைக் குறைக்க நடைமுறையில் நம்பகமான வழி அதுவே.