பெட்டைக் குதிரைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கையா, ஸ்கேன் பார்த்து ஒரே சேர்க்கையா?

மாடு வளர்த்துப் பழகிய கையோடு குதிரைக்கு வருகிறவர்கள் எங்கள் கொங்குப் பக்கம் நிறைய. ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் மார்வாரிப் பெட்டை ஒன்றைப் பிடித்து வருவார்கள், அப்புறம் குட்டி எடுக்க ஆசை வரும். உடனே மாட்டுக் கணக்கைப் போடுவார்கள்: காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். குதிரைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பசுவின் பருவம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோனும் ஒரே வீச்சில் ஏறி இறங்கிவிடும். பெட்டைக் குதிரைக்குச் சுற்று 21, 22 நாள். அதில் பருவம் மட்டுமே ஐந்து முதல் ஏழு நாள். எல்.எச். நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறி, முட்டை வெளியேறிய பிறகுதான் உச்சத்தைத் தொடும். முட்டை வெளியேறுவதோ பருவம் முடிய 24 முதல் 48 மணி நேரம் இருக்கும்போது. வாலைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விட்டு, ஆண் குதிரைக்கு நின்று கொடுக்கிற முதல் நாளில் உள்ளே முட்டை இன்னும் தயாராகியே இருக்காது. வெளியேறிய முட்டைக்கு ஆயுள் அரை நாள் அளவுதான்.

இந்தச் சிக்கலைச் சமாளிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பழைய வழி. பருவத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி, பெட்டை ஆண் குதிரையை உதைத்து விரட்டும் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ப்பது. விந்தணு உள்ளே குறைந்தது இரண்டு நாள் உயிரோடு இருக்கும் என்பதால் ஏதாவது ஒரு சேர்க்கை முட்டைக்குச் சரியாக அமைந்துவிடும். டாக்டர் தேவையில்லை, ஸ்கேன் தேவையில்லை. ஆண் குதிரை உங்கள் லாயத்திலேயே இருந்து, பெட்டையும் இளசாக இருந்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஆசனவாய் வழியாக ஸ்கேன் பார்த்து, முட்டைப்பையில் பெரிய ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்க்கொப்புளம்) 35 மில்லிமீட்டரைத் தாண்டியதும் எச்.சி.ஜி. ஊசி போட்டு, ஒரே தடவை சேர்ப்பது. கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படும் இந்த ஹார்மோன், குதிரையின் உடம்பில் எல்.எச். செய்யும் வேலையை அப்படியே செய்யும். ஊசி போட்டு 36 மணி நேரத்தை ஒட்டிப் பெரும்பாலும் முட்டை வெளியேறிவிடும், 48 மணிக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியே கிடையாது. ஒரு பேர்போன ஆண் குதிரை ஒரு வருடத்துச் சேர்க்கைக் காலத்தில் நூறு பெட்டைகளுக்கு மேல் சேர வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பண்ணைகளில் ஒரு பருவத்துக்கு ஒரு சேர்க்கை என்பது எப்போதோ நடைமுறையாகிவிட்டது.

என் பெட்டை 15 வயதைத் தாண்டியவள், நாலைந்து குட்டி போட்டவள். அவளுக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. வண்டி வாடகை, பயணத்தில் குதிரை படும் பாடு எல்லாம் அதற்குக் காரணம்தான், ஆனால் முக்கியக் காரணம் கருப்பை.

சேர்க்கையின்போது குதிரையின் விந்து நேராகக் கருப்பைக்குள்ளேயே போய் விழுகிறது. கூடவே அழுக்கும் கிருமியும் போகும். கிருமியே இல்லாவிட்டாலும் விந்தணுவைக் கண்டதும் கருப்பை வீங்கி நீர் சுரக்கும். இது நோய் இல்லை, உள்ளே தங்கியதைக் கழுவித் தள்ளுகிற வேலை. இளம் பெட்டை அந்த நீரை ஒன்றிரண்டு நாளில் வெளியே தள்ளிவிடும். பல குட்டி போட்ட வயதான பெட்டைக்குக் கருப்பை தளர்ந்து வயிற்றுக்குள் இறங்கியிருக்கும், சுருங்கித் தள்ளும் வலுவும் குறைந்திருக்கும். நீர் அடியில் தேங்கிவிடும். ஸ்கேன் திரையில் அது கறுப்புக் கோடாகவோ நீர்க்குட்டையாகவோ தெரியும். அது வடிவதற்குள் அடுத்த சேர்க்கை நடந்தால் மறுபடி முதலிலிருந்து வீக்கம்.

இங்கே ஹார்மோன் ஒரு காலக்கெடுவும் வைக்கிறது. பருவம் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் கருப்பை வாயைத் தளர்த்தித் திறந்து வைத்திருக்கும், நீர் வடிய வழி உண்டு. முட்டை வெளியேறியதும் அந்த இடத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சுரக்கத் தொடங்கி, வாய் இறுகி மூடிக்கொள்ளும். கரு ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்கு இறங்கி வரும்போது உள்ளே அழற்சி நீர் நின்றால் கரு தங்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கையில் கடைசிச் சேர்க்கை பெரும்பாலும் முட்டை வெளியேறிய பிறகுதான் விழும். கருப்பிடிப்புக்கு அதனால் லாபமில்லை, மூடப்போகிற கருப்பைக்குள் இன்னொரு சுமை ஏறுவதுதான் மிச்சம்.

ஆண் குதிரைக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "இன்னொருக்கா சேர்த்துட்டுப் போங்க, அதுக்குக் காசு வேண்டாமுங்க." வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எச்.சி.ஜி.யிலும் குறை உண்டு. அது மனிதப் புரதம், மூலக்கூறும் பெரியது. ஒரே வருடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் குதிரை அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கும், சில பெட்டைகளில் ஊசி சரியாகக் கேட்காமல் போகும். ஒரு பருவகாலத்தில் ஓரிரு தடவைக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். ஃபாலிக்கிள் சிறிதாக இருக்கும்போது அவசரப்பட்டுப் போட்டாலும் பலன் இல்லை. ஸ்கேன் திரையில் கருப்பைச் சுவர் நறுக்கிய ஆரஞ்சுச் சுளை மாதிரி மடிப்பு மடிப்பாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் ஈஸ்ட்ரோஜென் போதிய அளவு வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். வெளிநாடுகளில் எச்.சி.ஜி.க்குப் பதிலாக டெஸ்லோரெலின் என்ற ஊசியும் போடுகிறார்கள். அது ஒன்பது அமினோ அமிலம் கொண்ட சின்ன மூலக்கூறு, மூளைக்கு அடியில் இருக்கும் குதிரையின் பிட்யூட்டரிச் சுரப்பியையே தூண்டி எல்.எச். சுரக்க வைக்கும், எதிர்ப்புப் பொருள் தொல்லை இல்லை. அதை நான் பயன்படுத்தியதில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும், அதே வகையைச் சேர்ந்த புசெரெலின் ஊசியைக் குதிரைக்கும் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் வழக்கமான சிறு அளவில் பல மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பகல் நீண்டால்தான் பெட்டைக்குப் பருவம் ஒழுங்காக வரும் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் லாயத்தில் விளக்கெரித்துப் பகலை நீட்டச் சொல்வார்கள். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போன நியூமார்க்கெட்டில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்பது மணி நேர வித்தியாசம். கோயம்புத்தூரில் ஒன்றேகால் மணிதான். இங்கே அதைவிடத் தீவனத்தையும் உடல்வாகையும் கவனித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

முதல் குட்டிக்குப் போகிற இளம் பெட்டைக்கு இவ்வளவு செலவு தேவையா என்று கேட்டால் எனக்கு உறுதி இல்லை. என் அனுபவம் வயதானவளோடுதான். பழைய வழியிலேயே போகிறவர்களும் ஒரு ஸ்கேனை மட்டும் விடாதீர்கள். முட்டை வெளியேறிய 14, 15ஆம் நாளில் பார்த்தால் இரட்டைக் கரு இருப்பது தெரிந்துவிடும். 16ஆம் நாளுக்குப் பிறகு கரு ஓரிடத்தில் நிலைத்துவிடும், அதற்கு முன் ஒன்றை நசுக்கிவிடுவது டாக்டருக்குச் சுலபம். இரட்டையை அப்படியே விட்டால் பெரும்பாலும் கருச்சிதைவுதான்.

ஒரே சேர்க்கை என்று முடிவெடுத்தால் மறுநாளே கருப்பையை ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். நீர் தேங்கியிருந்தால் ஆக்சிடோசின் ஊசியோ கருப்பைக் கழுவலோ செய்வார்கள். நீர் தேங்கும் என்று முன்பே தெரிந்த பெட்டைக்கு அன்றைக்கே செய்யலாம், ஆனால் சேர்க்கை முடிந்து நாலு மணி நேரமாவது போகட்டும், விந்தணு கருக்குழாய்க்குப் போய்ச்சேர அவ்வளவு நேரம் வேண்டும்.